ஒப்பந்தம் பிறகு, முதலில் படலம்

கேள்வி: வன்னியில் இளம் விரிவுரையாளராக இருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரியக்கலத்துக்கான மெல்லிய படலங்களைச் செய்கிறோம். எக்ஸ்-கதிரால் படிக அமைப்பை அறியும் எக்ஸ்ஆர்டி கருவி எங்களிடம் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று சேர்ந்து செய்வோம் என்கிறது. முதலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தாள் பெரும்பாலும் நோக்கத்தைச் சொல்லுமே தவிர, பணத்துக்கோ கருவி நேரத்துக்கோ யாரையும் கட்டாது. குத்துவிளக்கு ஏற்றிக் கையெழுத்திட்டு, படமும் எடுத்தபின் அலுமாரியில் தூங்கும் கோப்புகளைப் பார்த்தவன் நான்.

முதலில் ஒரு சின்ன அளவீட்டைச் சேர்ந்து செய்யுங்கள். அதற்குள்ளேயே சிக்கல் முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் கண்ணாடித் துண்டில் செய்வது மெதைலமோனியம் ஈய அயடைட்டு என்ற பெரோவ்ஸ்கைட் படலம் என்று வைப்போம். இங்கே கடும் கபில நிறத்தில் பொதி செய்கிறீர்கள். வழியில் ஈரப்பதன் பட்டால் படலம் சிதைந்து மஞ்சள் நிற ஈய அயடைட்டாகும். அங்கே திறப்பவர் கையில் மஞ்சள் கண்ணாடித் துண்டுதான் இருக்கும். அவர் எடுத்துத் தரும் எக்ஸ்ஆர்டி வரைபு உங்கள் படலத்தைப் பற்றியதா, கூரியர் பயணத்தைப் பற்றியதா? மாரியில் இன்னும் மோசம். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாமல் அடைத்து, செய்த திகதியையும் படத்தையும் கூடவே அனுப்புங்கள். ஈயம் இருப்பதை மறைக்காமல் அறிவியுங்கள், சுங்கத்தில் மாட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், படலத்தை அனுப்புவதைவிட ஒரு மாணவரை அனுப்புவது மேல். அங்கேயே செய்து அங்கேயே அளக்கலாம், கருவியையும் பழகிக்கொண்டு வருவார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை, மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு தூய சக்தி ஆய்வில் கூட்டாக வேலை செய்திருக்கிறது. அதில் மாணவர் பரிமாற்றமும் இருந்தது. அங்கே போய் வந்தவர்களிடம் ஒரு தேநீர் நேரம் பேசிப் பாருங்கள்.

கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்ற விடயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரையில் 5154 பேரின் பெயர்கள். அவ்வளவு பெரிய கூட்டில் அதற்கென்று விதி இருக்கும். உங்கள் இரண்டு மூன்று பேர் கூட்டில் இருக்காது. கட்டுரையில் முதலாவதாக யார் பெயர், மூலத் தரவின் பிரதி யாரிடம், கூரியர் செலவு யாருக்கு என்று ஒரு மின்னஞ்சலில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள். அளந்து மட்டும் தந்தவருக்கு நன்றி போதுமா, பெயரும் போடுவதா என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

முதல் கட்டுரை வந்த பிறகு ஒப்பந்தத்தை எழுதலாம். அப்போது அதில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையிருக்காது.