கட்ச் துணிப் பயணம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வரும் ஜனவரியில் 12 பேராக குஜராத்தின் கட்ச் பகுதிக்குத் துணி பார்க்கப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. எனக்கு இது நான்காவது பயணம். தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, எந்த மாதம் நல்லது? எத்தனை நாள் வேண்டும்? (கோவையிலிருந்து)

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்தச் சமயத்தில்தான் உப்புப் பாலைவனத் திருவிழாவான ரண் உற்சவமும் நடக்கும் என்பதால் புஜ் நகரில் அறைக்கு அடிதடி. முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். அகமதாபாத் வரை விமானம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் புஜ். புஜ்ஜில் 5 முழு நாள் தங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு. முதல் தடவை நாங்கள் நாளுக்கு நாலு ஊர் ஓடினோம். வேன் ஜன்னல்தான் நினைவில் நிற்கிறது.

அஜ்ரக் அச்சுத் துணி இங்கேயே கடைகளில் கிடைக்கிறதே? அதற்கு அவ்வளவு தூரம் போகணுமா?

போகணும். கடையில் நீங்கள் பார்ப்பது முடிந்துபோன துணி. புஜ் பக்கத்தில் உள்ள அஜ்ரக்பூர் என்ற ஊரில் அது துணியாக ஆவதைப் பார்க்கலாம். முதலில் துணியை நன்றாக அலசி, கடுக்காய் நீரில் முக்கி, வெயிலில் காயப்போடுவார்கள். இளமஞ்சளாகிவிடும். அப்புறம் சுண்ணாம்பும் பிசினும் கலந்து அச்சுக்கட்டையால் கோடு போடுவார்கள். அந்த இடத்தில் சாயம் ஏறாது. துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்தால் கறுப்பு, படிகாரம் வைத்த இடத்தில் பிறகு சிவப்பு. நீலத்துக்கு அவுரிச் சாயத் தொட்டி. தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். காற்று பட்டதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து நீலமாக மாறும். மூன்று பயணங்களில் பார்த்தும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்த ஊரே புது ஊர்தான். அச்சுக்காரர்களான கத்ரி குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் இருந்தன. 2001 பூகம்பத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரில் இரும்புச்சத்து ஏறி, சாயம் சரியாக வரவில்லை. நல்ல தண்ணீர் தேடி வந்து அமைத்ததுதான் அஜ்ரக்பூர். அங்கேயே எல்எல்டிசி என்ற கைவினை அருங்காட்சியகமும் இருக்கிறது. எம்ப்ராய்டரிக்காரர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

எனக்கு எம்ப்ராய்டரிதான் பிடிக்கும். கட்ச் வேலை என்றால் எல்லாம் கண்ணாடி வேலைதானே மேடம்?

இல்லவே இல்லை. ரபாரி பெண்களின் தையலில் கண்ணாடி நிறைய வரும், பல வடிவங்களில். ஆஹிர் வேலையில் சங்கிலித் தையலும் பூவும் மயிலும். முத்வா வேலையில் கண்ணாடி இருக்கும், ஆனால் கடுகளவு. சோதா சமூகத்தின் 'சூஃப்' வேலை தனி. 1971 போரை ஒட்டி எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குடும்பங்கள் அவர்கள். துணியில் பென்சில் கோடு கிடையாது. இழையை எண்ணி, பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். ஒரு அம்மா தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் முழுக்கப் பின்பக்கம். முக்கோணம் விழுவதோ மறுபக்கம். அரை மணி நேரத்தில் கட்டைவிரல் நகம் அளவு முடிந்தது. திருப்பிப் பார்த்தேன், ஓர் இழைகூடப் பிசகவில்லை.

கைவேலையா, மெஷின் வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். மெஷின் என்றால் பின்னால் பெரும்பாலும் ஒரே நிறத்தில் அடிநூல் ஓடும். கையால் தைத்தால் முன்பக்க நூலேதான் பின்னாலும் வரும். முடிச்சும் தாவலும் தெரியும். அச்சில், கட்டை சேரும் இடத்தில் மயிரிழை விலகல் இருக்கும். முதல் பயணத்தில் நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் 'கைவேலை' என்று நம்பி மூன்று குஷன் உறை வாங்கினேன். ராத்திரி அறையில் திருப்பிப் பார்த்தபோது அழுகையே வந்தது.

பேரம் பேசலாமா?

கடைத்தெருவில் பேசுங்கள். தைத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள். மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துச் செய்த துணி அது. கட்டுப்படியாகாவிட்டால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். எங்கள் குழுவில் இதை நான் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறேன். போட்டோவும் கேட்டுவிட்டுத்தான்.

அகமதாபாத்தில் ஒரே நாள்தான். எங்கே போவது?

கேலிகோ அருங்காட்சியகம். 1949-இல் தொடங்கியது. தினமும் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். அதனால் முன்பதிவு கட்டாயம். நம் பக்கத்துக் கோயில் கலம்காரித் துணிகளும் அங்கே இருக்கின்றன.

நான் மதுரை, சௌராஷ்டிரர் வீட்டுப் பெண். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பாந்தினி பார்க்கணும். என்ன கொண்டுபோகலாம்?

பாட்டியின் பழைய சுங்குடிச் சேலை இருந்தால், அச்சடித்தது வேண்டாம், முடிச்சுப் போட்டதே இருந்தால், அதைக் கொண்டுவாருங்கள். புஜ்ஜில் முடிச்சுப் போடும் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளித் தூக்கி நூல் சுற்றுவார்கள். உங்கள் சேலையை விரித்தால் மொழியே தேவைப்படாது. போன முறை எங்களோடு வந்தவர் அப்படித்தான் விரித்தார். அங்கிருந்த பெண்கள் புள்ளியை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தங்கள் துணியை அதன் மேல் வைத்து ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க எங்களுக்கு மூன்று மணி ஆகிவிட்டது.