கல்விக் கடன்: ஏமாற்றுவது யார்?

கேள்வி: கல்விக் கடனில் படித்துவிட்டு, வேலைக்குப் போனதும் வங்கியை ஏமாற்றும் பிள்ளைகளை என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேலைக்குப் போனதும் என்கிறீர்கள். வேலையே கிடைக்காதவர்களை யோசித்தீர்களா? படிப்பு முடிந்து ஓராண்டானால் தவணை வந்து நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. தனிவட்டி போட்டால்கூட, தவணை தொடங்கும்போது கடன் 5,40,000 ரூபாய் ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். சென்னையில் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு வந்த பிள்ளை, அறை வாடகையும் மெஸ் பில்லும் போக இதை எங்கிருந்து எடுப்பது? தவணை தவறினால், கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் ஸ்கோரும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணும், விழும். அப்புறம் தங்கையின் படிப்புக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

வட்டி மானியம் உண்டே என்பீர்கள். உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால். ஆனால் 2018-லிருந்து, நம் ஊர்த் தனியார் பொறியியல் கல்லூரி என்றால் கல்வித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அல்லது என்.பி.ஏ. (NBA) அமைப்பின் தரச்சான்றும் வேண்டும் என்றாகிவிட்டது. சான்றில்லாத கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்த ஏழைப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அந்தக் கல்லூரியை நடத்த அனுமதி கொடுத்தது அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தானே? அனுமதி கொடுத்தவர்கள் கைகழுவிவிட்டார்கள், கடன் பிள்ளையின் தலையில். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் வேறு வழி இருக்கிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கல்விக் கடனை வரியோடு பிடிப்பார்கள். தாண்டாத வருடம் கேட்க மாட்டார்கள்.

வசதி இருந்தும் கட்டாதவர் மேல் வங்கி தாராளமாக வழக்குப் போடட்டும். மற்றவர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கடன் திட்டம், வேலையில்லாத காலத்தில் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது தவணை கட்ட முடியாமல் தவித்தால், கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.