சென்னையில் வீடு, மனை தரகு செய்பவர்களுக்கு அரசு அலுவலகங்களோடும் நகர சேவைகளோடும் அப்படி என்னதான் பிரச்சினை?

கேள்வி கேட்டவர் கீழேயே "லஞ்சம்தானே, வேறென்ன?" என்று பாதிப் பதிலையும் எழுதிவிட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் வீடு மனை விற்றுக் கொடுப்பதும் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. என்னைக் கேட்டால் முதல் தலைவலி லஞ்சம் இல்லை. ஒரே வீடு ஒவ்வொரு ஆபீஸிலும் வேறு ஆள் பெயரில், வேறு எண்ணில், சில சமயம் வேறு அளவிலும் இருக்கும். இதெல்லாம் ஒரே வீடுதான் என்று ஒட்டவைத்துக் காட்டுவது எந்தத் துறையின் வேலையும் இல்லை. அதனால் அது தரகர் தலையில் விடிகிறது.

பத்திரம் பதிவுத்துறையில். பட்டா வருவாய்த்துறையில். சொத்து வரி மாநகராட்சியில். குடிநீர், கழிவுநீர் வரி தனி வாரியத்தில். கரண்ட் மின்வாரியத்தில். கட்டட அனுமதி, கட்டடத்தின் அளவைப் பொறுத்து மாநகராட்சியிலோ சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ. பத்திரம் பதிவானால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். மனையைத் துண்டு பிரித்து உட்பிரிவு செய்யத் தேவையில்லாத சொத்துக்குப் பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறும் வசதி இப்போது இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விற்பவர் பெயரில் ஏற்கெனவே பட்டா சுத்தமாக இருக்கணும். சென்னையில் பழைய தனி வீடு விற்க வருபவர்களில் அப்படி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

ஆதம்பாக்கத்தில் ஒரு அம்மா. கணவர் இறந்துவிட்டார், மகன் அமெரிக்காவில், மகள் புனேயில். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொள்ளலாம் என்று முடிவு. வாங்குபவரும் நல்ல மனிதர், பாங்க் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் பாங்க் வக்கீல் பேப்பர்களைப் பார்த்தார். பத்திரம் கணவர் பெயரில். பட்டா, கணவருக்கு அந்த மனையை விற்றவருடைய அப்பா பெயரில். சொத்து வரி கணவர் பெயரில்தான், ஆனால் இனிஷியல் தப்பு. கரண்ட் இணைப்பு, அந்தக் காலத்தில் வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரி பெயரில்! பத்திரத்தில் 2,400 சதுர அடி, நில அளவைப் பதிவேட்டில் அதைவிடக் குறைச்சல். கதவில் இரண்டு எண், ஒன்று பழையது, ஒன்று புதியது, வரி ரசீதில் இருப்பது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது எண். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வீட்டுலதான் இருக்கேன். நான் இங்க இருக்கறது யாருக்குமே தெரியாதா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இது அந்த ஒரு வீட்டின் தலையெழுத்து இல்லை, அந்தப் பகுதிக்கே இப்படி ஆனதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, ஆதம்பாக்கம் இருந்த ஆலந்தூர் நகராட்சி, மடிப்பாக்கம் ஊராட்சி எல்லாம் உள்ளே வந்தன. மாவட்ட எல்லை மட்டும் நகரவில்லை. ஆலந்தூர் தாலுகா காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது 2018-ல்தான். நடுவில் இருந்த வருஷங்களில் வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, பட்டா கேட்பது காஞ்சிபுரம் மாவட்டத்து அதிகாரியிடம். பதிவு அலுவலகங்களுக்கு இன்னொரு எல்லை, அது இந்த இரண்டோடும் ஒட்டாது. இதற்குள் வார்டு எண் மாறியது, கதவு எண் மாறியது, நகராட்சிக் காலத்து வரி எண் போய் புது எண் வந்தது. பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்துக் காட்டும் நோட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்த பில் கலெக்டர்கள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

சரி, அந்த அம்மா விஷயம். வாரிசு சான்று ஓர் இடம், வரிப் பெயர் திருத்தம் ஓர் இடம், பட்டா இன்னோர் இடம். அளவு குறைகிறது என்பதால் சர்வேயர் வந்து அளக்கணும். ஒரு சர்வேயருக்கு எத்தனை கிராமம், எத்தனை மனு என்று பார்த்தால் அவர் மேல் கோபமும் வராது. நடுவில் தேர்தல் வேலை என்றால் அந்த அலுவலகமே அங்கே போய்விடும், மழை வந்தால் நிவாரண வேலை, முகாம் போட்டால் முகாம். ஒரு வழியாக அவர் வந்து அளந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவர் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்த சர்வேயருக்கு மாறுதல் வந்தது, புதிதாக வந்தவர் "ஃபைலை முதல்லேர்ந்து பார்க்கணுமே" என்றார். லோன் சாங்ஷன் காலாவதியாகி, வாங்க வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட்டை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அவர் ஆபீஸ்களைத் திட்டவில்லை. "பேப்பர் சரியில்லாத வீட்டைக் காட்டிட்டீங்களே சார்" என்று என்னைத்தான் சொன்னார். கமிஷன் என்பது பதிவு நடக்கிற அன்றைக்குக் கையில் வருவது, ஒரு சதவீதம், பேரம் பேசினால் அதில் பாதி. பதிவு நடக்கவில்லை என்றால் அலைச்சலுக்கு ஆட்டோ காசு கூட யாரும் தருவதில்லை, கேட்கவும் முடியாது.

எல்லாம் பொருந்தி வந்தாலும் பதிவு நாள் என்று ஒன்று இருக்கிறதே. முகூர்த்த நாளில் எல்லாருக்கும் பதிவு செய்யணும், அரசாங்கத்துக்கும் அது தெரியும், அதனால்தான் அன்றைக்கு ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100-க்குப் பதில் 150 டோக்கன், இரண்டு பேர் இருந்தால் 200-க்குப் பதில் 300 என்று கூட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். டோக்கன் கூடியது, நாற்காலி கூடவில்லை, சர்வரும் கூடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணி டோக்கன், விற்பவர் வாங்குபவர் இரண்டு குடும்பமும் பட்டுப்புடவையோடு வந்து நிற்கிறது, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததும் சர்வர் நின்றது. விற்கும் பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். காத்திருந்து சர்வர் உயிர்பெற்றபோது அவருடைய கட்டைவிரல் ரேகையை இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்து வைத்தார்கள், எண்ணெய் தொட்டு வைத்தார்கள், அடுத்த விரல் வைத்தார்கள். ஒரு வழியாக பச்சை விளக்கு எரிந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது, ராகு காலம். வாங்கும் வீட்டுப் பாட்டி பேத்தியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார், பன்னிரண்டு மணிக்குத்தான் கையெழுத்து என்றார். பன்னிரண்டுக்கு எங்களுக்குப் பின்னால் இருந்த டோக்கன்கள் உள்ளே போய்விட்டன. அன்று சாயங்காலம் வரை இரண்டு குடும்பத்துக்கும் மோரும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தது நான்.

காகிதத்தை விடுங்கள், தெருவுக்கு வருவோம். ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் கடைசியில், பாதாளச் சாக்கடைக்கு மக்களிடமே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கித் திட்டத்தைத் தொடங்கி, செய்தும் காட்டினார்கள். வெளிநாட்டு ஆட்கள் கூட அதைப் படிப்பினையாக எழுதினார்கள். பக்கத்து மடிப்பாக்கத்தில், மாநகராட்சிக்குள் வந்த பிறகும் எத்தனையோ வருஷம் செப்டிக் டாங்க்கும் லாரியும்தான். அப்புறம் குழாய் போட வந்தார்கள், ஒவ்வொரு தெருவாகத் தோண்டினார்கள், மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டமும் அந்தப் பக்கமே வர மெயின் ரோடும் தோண்டப்பட்டது. அந்தக் காலத்தில் மடிப்பாக்கத்தில் வீடு காட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி இருந்தது என்றால், காரை எங்கோ நிறுத்திவிட்டு, பான்ட்டை மடித்துவிட்டு, பலகை மேல் நடந்து போய் "மெட்ரோ வந்தால் விலை ரெண்டு மடங்கு சார்" என்று சொல்லணும். சொல்வது உண்மைதான், சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். சாக்கடை இணைப்பு எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்பார். ஒரு குழி தோண்டியவர் இன்னொரு குழி தோண்டியவரைக் கை காட்டுவார், அதிகாரியைக் கேட்டால் காண்டிராக்டரைக் கை காட்டுவார்.

இன்னொன்று ரோடு உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போடணும் என்று உத்தரவெல்லாம் இருக்கிறது. ஆனாலும் மேற்கு மாம்பலத்தில் நான் காட்டிய ஒரு வீட்டுக்கு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறி உள்ளே போனார்களாம், இப்போது இரண்டு படி இறங்கிப் போகணும். இரும்பு கேட்டின் அடிப்பாகம் தாருக்குள் புதைந்துவிட்டதால் பாதிக்கு மேல் திறக்காது, கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். தேக்கு உத்தரம், ரெட் ஆக்சைடு தரை, கிணற்றில் நல்ல தண்ணீர், அருமையான வீடு. வந்த எல்லோரும் மனைக்கு மட்டும் விலை பேசினார்கள், வீட்டுக்கு ஒரு ரூபாய் இல்லை. அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வேறு கதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், எல்லையை முறையாக அளந்து அதைச் சுற்றியுள்ள தாக்கப் பகுதியை நிர்ணயிக்கும் வரை, ராம்சர் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தரக்கூடாது என்று சொன்னது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடி வரை தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான், சதுப்பு நிலத்தைக் காப்பாற்றணும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த எல்லைக் கோட்டை சர்வே எண் வாரியாக முதலிலேயே போட்டு வைத்திருக்கலாமே. உத்தரவு வந்த வாரம் என் போன் ஓயவில்லை, "நம்ம தெரு உள்ள வருதா வெளிய வருதா?" என்று ஏற்கெனவே லோன் போட்டு முன்பணம் கட்டியவர்கள் கேட்டார்கள். கூகுள் மேப்பில் விரலால் அளந்து பார்த்துச் சொல்லும் நிலைமையில் நான் இருந்தேன்.

பணி நிறைவுச் சான்று, அதாவது அனுமதித்தபடி கட்டி முடித்ததற்கான சான்று, இல்லாத அடுக்கு மாடி பற்றி ஒரு வார்த்தை: அந்தச் சான்று தேவைப்படும் அளவுள்ள கட்டடமா என்று பாருங்கள், தேவை என்றால் சான்று கையில் வராமல் வாங்காதீர்கள். சான்று வராததால் கட்டுமானத்துக்குக் கொடுத்த தற்காலிக கரண்டிலேயே, அந்தக் கூடுதல் கட்டணத்திலேயே, குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது லஞ்சம். இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை, எல்லாரும் வாங்குவதும் இல்லை, கண்டிப்பான நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் கவனித்துப் பார்த்தால் சுத்தமான பேப்பரோடு போனவரிடம் கேட்பது கஷ்டம். இனிஷியல் தப்பு, அளவு குறைச்சல், பழைய எண் புது எண் என்று ஏதாவது ஒன்று இடித்தால்தான் "பார்த்துக்கலாம்" என்ற பேச்சே எழும். முக்கால்வாசி வாடிக்கையாளர்கள் அந்த இடத்தில் என்னைப் பார்த்து "நீங்களே பார்த்து முடிச்சிடுங்க, எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். முறைப்படியே போகலாம், மூன்று நான்கு மாதம் ஆகும் என்று சொன்னால் வேறு புரோக்கரைத் தேடிப் போகிறார்கள். அப்புறம் சாயங்காலம் டீக்கடையில் ஊழலைப் பற்றி அவர்களே பேசுவார்கள். எங்கள் ஆட்களிலும் ஆபீஸ் பெயரைச் சொல்லிக் கூட்டிக் கேட்டு நடுவில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு சதவீதம் கமிஷன் அதிகம் என்று நினைப்பவர்கள் உங்கள் வீட்டுப் பட்டா, சொத்து வரி ரசீது, கரண்ட் பில், மூன்றையும் எடுத்து மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே கதவு எண் இருந்தால் என்னிடம் வர வேண்டாம், நீங்களே விற்றுக்கொள்ளலாம்.