23 வருட எலும்புக்கூட்டின் மேல் 25 வருடப் பலகை

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீடு. 2002-இல் வீட்டோடு சேர்த்துக் கட்டிய மர டெக் (வீட்டை ஒட்டிய திறந்தவெளி மேடை), 16 அடிக்கு 12 அடி, தரையிலிருந்து நான்கடி உயரம். பலகைகள் வெடித்து, குழந்தைகள் காலில் சிலாம்பு ஏறுகிறது. மூன்று விலை வாங்கியிருக்கிறோம். பழைய சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கம்போசிட் பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) மட்டும் மாற்ற 13,000 டாலர். எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக மரத்தில் கட்ட 15,500. புது மரச் சட்டகத்தின் மேல் பலகையும் கைப்பிடியும் முழுக்க கம்போசிட் என்றால் 23,500. சேமிப்பு 46,000, மாதச் செலவு 5,000, மாதம் 1,200 மிச்சம் பிடிக்கிறோம். இருவரும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில். ஒப்பந்தக்காரர் 18 மாதம் வட்டியில்லாக் கடன் தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: முதலில் 13,000 டாலர் யோசனையை ஒதுக்கி வையுங்கள். மூன்றில் மலிவாகத் தெரிவது அதுதான். ஆனால் நஷ்டம் வர அதிக வாய்ப்புள்ளதும் அதுதான். கம்போசிட் பலகைக்கு 25 வருட வாரண்டி கொடுப்பார்கள். அதைத் தாங்குகிற மரத்துக்கு இப்போதே 23 வயது. ஐந்தாறு வருடத்தில் சட்டகம் உளுத்தால் நல்ல பலகைகளைக் கழற்றி, அடியில் எல்லாம் மாற்றி, மறுபடி பொருத்த வேண்டும். கூலி இரண்டு முறை. பலகையைத் தயாரித்த நிறுவனமும் கைகொடுக்காது. அடிக்கட்டை உளுத்ததால் வந்த சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை.

இந்த வாரக் கடைசியில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். டார்ச்சும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் போங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கும் நீளமான கட்டைதான் லெட்ஜர். கதவுக்கு நேர் கீழே அதைக் குத்திப் பாருங்கள், ஏனென்றால் மழைத்தண்ணீர் அதிகம் இறங்குவது அங்கேதான். முனை கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. பிறகு லெட்ஜரைச் சுவரோடு எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அரை அங்குல போல்ட் அல்லது லேக் ஸ்க்ரூ (தடித்த மரத் திருகு) தலைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். வெறும் ஆணித் தலைகள் மட்டும் தெரிந்தால் அன்றிலிருந்து யாரையும் மேலே ஏற்றாதீர்கள். ஒரு டெக்கைச் சதுர அடிக்கு 40 பவுண்டு ஆள்பாரம் தாங்கும்படி கட்டுவார்கள். உங்கள் 192 சதுர அடிக்கு 7,680 பவுண்டு. அதில் ஏறக்குறைய பாதி லெட்ஜரில்தான் இறங்கும். ஆணி நேராக உருவிக்கொண்டு வரும், முன்னறிவிப்பு எதுவும் தராது. டெக்குகள் விழும்போது பெரும்பாலும் லெட்ஜர் சுவரிலிருந்து பிய்ந்துதான் விழுகின்றன. அதுவும் பிறந்தநாள் போன்ற கூட்ட நேரத்தில்.

பலகைகளை அடியில் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலத்துக்கு மேல் இருந்தால் கம்போசிட் பலகை வெயில் சூட்டில் தொய்யும். பலகையைச் சாய்வாகப் போடுவதானால் 12 அங்குலம் வேண்டும்.

இனி பணக்கணக்கு. மரத்துக்கும் முழு கம்போசிட்டுக்கும் 8,000 டாலர் வித்தியாசம். "வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டாமே" என்று சொல்லித்தான் இந்த 8,000-ஐ விற்கிறார்கள். மர டெக்குக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஸ்டெயின் (மரத்தில் ஊறும் காப்புச் சாயம்) அடித்தால் போதும். நீங்களே செய்தால் இந்த அளவுக்குக் கைப்பிடியோடு சேர்த்து 200 டாலருக்குள் முடியும். ஆள் வைத்தால் 800, 900. அந்த 8,000 டாலர் 4 சதவீத சேமிப்புக் கணக்கில் இருந்தால் வருடத்துக்கு 320 டாலர் வட்டி. இரண்டரை வருடத்தில் 800. வரி போக, வட்டி விகிதம் இறங்கினால் இன்னும் குறைய, இது கொஞ்சம் துண்டு விழும் கணக்குதான். ஆனாலும் ஸ்டெயின் செலவின் பெரும்பகுதியை வட்டியே கட்டிவிடுகிறது, அசல் உங்கள் கையிலேயே இருக்கிறது. மரப் பலகையை 12, 15 வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம், அதையும் மனதில் வையுங்கள். கம்போசிட்டுக்கும் பராமரிப்பு உண்டு. நிழலில் பாசி பிடிக்கும், வருடம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அடர்நிறப் பலகையில் ஜூலை மதியம் வெறுங்காலோடு நிற்க முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெளிர்நிறமே நல்லது.

நான் உங்களை நிறுத்த விரும்புவது வேறொரு இடத்தில். அந்த 8,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? ஐந்தரை அங்குலப் பலகையை இடைவெளி விட்டுப் பரப்பினால் 12 அடிக்கு 26 பலகை. சேதாரம் சேர்த்து 29. ஒவ்வொன்றும் 16 அடி, மொத்தம் 464 அடி. மரத்தில் ஒரு பலகை சுமார் 20 டாலர் என்றால் 580. நடுத்தர கம்போசிட் அடிக்கு 4 டாலர் என்றால் 1,856. வித்தியாசம் 1,300-க்குக் கொஞ்சம் குறைவு. மறைவு கிளிப்புகள், ஓரப்பலகை, கூடுதல் கூலி எல்லாம் சேர்த்தாலும் 2,500 தாண்ட எனக்குக் காரணம் தெரியவில்லை. மீதி கம்போசிட் கைப்பிடியிலும் ஒப்பந்தக்காரரின் லாபத்திலும் இருக்கும். கைப்பிடி நிமிர்ந்து நிற்பது, தண்ணீர் வடிந்துவிடும். வெயிலும் பனியும் காலடியும் அடிப்பது தரைப் பலகையைத்தான். ஆகவே நான்காவதாக ஒரு விலை கேளுங்கள்: புது மரச் சட்டகம், மரக் கைப்பிடி, தரைப் பலகை மட்டும் கம்போசிட். 18,000 டாலர் அருகில் முடிய வேண்டும். எட்டு வருடத்துக்கு மேல் இந்த வீட்டில் இருப்பீர்கள் என்றால் இதுவே என் தேர்வு. நான்கைந்து வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் 15,500 மரமே போதும். விற்கும்போது போட்ட காசில் அதிக பங்கைத் திருப்பித் தருவது மர டெக்தான்.

எந்த விலையானாலும் ஒப்பந்தத்தில் சில வரிகள் எழுத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மலிவு சரக்கு நுழையும். ஃபுட்டிங் (தூணின் கான்கிரீட் அடித்தளம்) குழி, மண் உறையும் மட்டத்துக்குக் கீழே, மூன்றடி ஆழம். இல்லையென்றால் குளிர்காலத்தில் மண் வீங்கித் தூணைத் தூக்கும். ஜாயிஸ்ட் 2க்கு 10 அங்குலக் கட்டை, 16 அங்குல இடைவெளியில் 13 கட்டை. தூணுக்கும் தரையை ஒட்டிய கட்டைக்கும் 'கிரவுண்ட் கான்டாக்ட்' (மண்ணைத் தொடும் இடத்துக்கு ஏற்றது) என்ற சீட்டு நுனியில் அடித்திருக்க வேண்டும். அறுத்த நுனிகளில் காப்பர் நாப்தனேட் என்ற காப்பு மருந்து பூச வேண்டும். உளுக்காமல் இருக்க மரத்தில் ஏற்றிய மருந்து அதன் உள்வரை போயிருக்காது. இன்றைய மருந்து மரத்தில் செம்பு அதிகம், அது சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். எனவே ஹேங்கரும் (ஜாயிஸ்ட்டைத் தாங்கும் உலோகப் பிடி) திருகும் ஹாட் டிப் கால்வனைஸ்டு (துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) அல்லது ஸ்டெயின்லெஸ். லெட்ஜர் மேல் தண்ணீரைத் தடுக்கும் ஃபிளாஷிங் தகடு வெறும் அலுமினியமாக இருக்கக்கூடாது. ஜாயிஸ்ட் தலையில் ஒட்டும் டேப்புக்கு நூறு, நூற்றைம்பது டாலர்தான் ஆகும். திருகுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்காமல் காக்கும். இந்தச் செலவில் பேரம் பேசாதீர்கள்.

பழைய மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2003 முடிவு வரை வீடுகளுக்கு விற்ற மருந்து மரத்தில் பெரும்பாலும் ஆர்சனிக் உண்டு. உங்களுடையது அந்தக் காலத்தது. துண்டுகளைக் குளிர்காய எரிக்கவோ தூளாக்கித் தோட்டத்தில் போடவோ கூடாது. அகற்றும் செலவு விலைக்குள் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடன் வேண்டாம். '18 மாதம் வட்டியில்லை' என்பதில் பெரும்பாலும் ஒரு பொறி இருக்கும்: கடைசி நாளில் சிறு பாக்கி நின்றாலும் முதல் நாளிலிருந்தே வட்டி சேரும். 10,000 டாலர் வாங்கி, மாதாமாதம் கட்டி, 500 பாக்கி வைத்தீர்கள், விகிதம் 27 சதவீதம் என்றால் ஒரே நாளில் சுமார் 2,100 டாலர் ஏறும். வீட்டு மதிப்பின் மேல் எடுக்கும் ஹெலாக் கடனுக்கு வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். வருமான வரியில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவருக்கு அதனால் ஒரு சென்ட்டும் கிடைக்காது.

உங்கள் விசா நிலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனமோ வேறு விசா ஏற்பாடோ வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அப்போது பலகையைக் கழற்றி விற்க முடியாது. ஆறு மாதச் செலவு 30,000 டாலரைத் தொடவே கூடாது. இன்று கையில் மிஞ்சுவது 16,000. நான்கு மாதம் பொறுத்தால் 4,800 சேர்ந்து 20,800 ஆகும். 18,000 போக எதிர்பாராத செலவுக்கு 2,800 நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஒப்பந்தக்காரர்களுக்கு வேலை குறைவு. அப்போது பேசி, ஏப்ரலில் கட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்திடும் முன் அவருடைய மாநிலப் பதிவு எண்ணைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் வீட்டு வேலை ஒப்பந்தக்காரர் எண் 13வி.ஹெச். என்று தொடங்கும். 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. டவுன்ஷிப் பெர்மிட்டை அவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சட்டகம் எழும்பி, பலகை போடும் முன் இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு அடுத்த தவணை. கடைசி 10 சதவீதம் இறுதி ஆய்வு தேறிய பின். ரசீதுகளை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்; விற்கும் நாளில் இந்தச் செலவை வாங்கிய விலையோடு கூட்டி மூலதன லாபத்தைக் குறைக்கலாம். ஸ்டெயின் அடித்த ரசீது அதில் சேராது.