சுண்ணாம்பு ஆல்ப்ஸ் சரிவுகளின் செடிகள்: கேள்வி பதில்

மியூனிக் வாசகர்: தெற்கு பார்த்த சரிவுகளில் புல் படிக்கட்டு போல நிற்கிறதே, மாடு மிதித்தா?

மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு. ஆனால் படியைக் கட்டுவது புல்தான். செஸ்லேரியா என்ற நீலப்பூப் புல்லும், காரெக்ஸ் செம்பர்வைரன்ஸ் என்ற கோரையும் இந்தச் சரிவுகளை ஆளுகின்றன. மேலிருந்து உருளும் சரளையையும் மண்ணையும் ஒவ்வொரு புல் குத்தும் மறித்து நிறுத்துகிறது. குத்துக்கு மேல்பக்கம் மண் சேரும், கீழ்ப்பக்கம் வெறும் கல். ஆல்ப்ஸின் வடக்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடங்கள் பல. இருந்தும் செடிக்குத் தாகம்தான். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கிப் போய்விடுகிறது. வறண்டால் செஸ்லேரியா இலையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும். எடல்வைஸ் என்ற மலைப்பூச்செடி வெள்ளை ரோமம் போர்த்தியிருக்கும்.

பாதையை விட்டு இந்தப் படிகளில் கால் வைக்காதீர்கள். ஒரு குத்து பெயர்ந்தால் அது தேக்கிய மண் அடுத்த பெருமழையில் போய்விடும்.

சூரிச்: எடல்வைஸை எங்கே பார்க்கலாம்?

மேலே சொன்ன படிகளில். இடம் எழுத மாட்டேன். பறிக்காதீர்கள்.

சேலம்: எங்கள் வெள்ளைக்கல் குன்றுகளும் இதே வகைதானே?

இல்லை. அங்கே இருப்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதன் செடிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்ஸ்ப்ரூக்: சுண்ணாம்பு மண்ணில் ஒரு வகைச் செடியும் அமில மண்ணில் வேறு வகையும் வளரக் கால்சியம்தான் காரணம் என்று முன்பு எழுதினீர்கள். வறட்சியும் சூடும் போதாதா காரணம் சொல்ல?

நல்ல கேள்வி. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் உங்கர், எந்தச் செடி எங்கே வளரும் என்பதற்கு 1836இல் மண்ணின் வேதியியலைக் காரணமாக வைத்தார். அந்த ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலையும் களிப்பாறை மலையும் எதிரெதிரே நிற்கின்றன. பார்த்தவர் அப்படித்தான் நினைப்பார். 1849இல் ஜூரா மலைகளை ஆராய்ந்த தூர்மன் உங்கள் கட்சி: பாறை எப்படி உடைகிறது, நீரை எப்படிப் பிடிக்கிறது என்பதே முக்கியம் என்றார்.

நான் உங்கர் பக்கம். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அந்த ரோடோடென்ட்ரான் பேரினத்தில் ஆல்ப்ஸில் இரண்டு உண்டு. இலை ஓரத்தில் ரோமம் உள்ளது சுண்ணாம்பில். இலையடி துருநிறமானது அமில மண்ணில். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கரையாமல் முடங்கும், அதற்குப் பழகாத செடி வெளிறிப்போகும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வந்து சுண்ணாம்புச் செடியின் வேரைக் கெடுக்கும்.

டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1917இல் கேலியம் என்ற சிறுசெடிப் பேரினத்தின் இரண்டு இனங்களை, ஒன்று சுண்ணாம்பு மண்ணுக்குரியது, மற்றது அமில மண்ணுக்குரியது, இரு மண்ணிலும் வளர்த்தார். தனியாக வைத்தபோது இரண்டும் இரு மண்ணிலும் பிழைத்தன. சேர்த்து நட்டபோது அந்தந்த மண்ணுக்குரியது மற்றதை அமுக்கிவிட்டது. ஆக, மண் நேராகக் கொல்ல வேண்டியதில்லை. போட்டியில் ஒருவர் கையை ஓங்க வைத்தாலே போதும்.

கோவை: மாடித்தோட்டத் தொட்டியில் சுண்ணாம்பு கலந்தால் இந்தச் செடிகள் வருமா?

வராது. கோவையின் வெப்பம் அவற்றுக்கு ஆகாது.

மதுரை: தொட்டியில் சுண்ணாம்பு…

மேலே பாருங்கள்.

திருச்சி: ரோஜாத் தொட்டிக்குச் சுண்ணாம்பு போடலாமா?

மூன்றாவது முறை. மண்ணின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) அளக்காமல் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். இங்கே பேசுவது மலைச் சரிவுகளைப் பற்றி.

இன்ஸ்ப்ரூக், மறுபடியும்: துருநிற ரோடோடென்ட்ரானைச் சுண்ணாம்பு மலை உச்சியிலேயே பார்த்தேன். உங்கர் தோற்றார்!

தோற்கவில்லை. நீங்கள் பார்த்தது பாறையை. செடி நிற்பது மட்கில், அதாவது மட்கிய சருகு மண்ணில். குளிரில் இலைச் சருகு மெதுவாகத்தான் மட்கும், அடுக்கடுக்காகத் தங்கும். மழை அதிலுள்ள சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டே இருக்கும். பல பத்து செ.மீ. மட்கு சேர்ந்துவிட்டால் சுண்ணாம்பு மலைமேலேயே அமில மண் கிடைத்துவிடுகிறது. காற்று பனியையும் மண்ணையும் வாரிப்போகும் முகடுகளில் அந்த மட்கு தங்காது. அங்கே காரெக்ஸ் ஃபிர்மா என்ற கோரை கெட்டியான மெத்தைகளாகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும்.

வியன்னா: அப்படியானால் வறட்சிக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆழமற்ற மண், செங்குத்தான சரிவு, சீக்கிரம் உருகும் பனி எல்லாம் சேர்ந்துதான் செஸ்லேரியாவுக்கு இடம் தருகின்றன. கால்சியம் உள்ள ஈர மண்ணில் வேறு கூட்டம் வரும். தூர்மனை நான் ஒதுக்கவில்லை. அவர் சொன்னது மட்டும் போதாது என்கிறேன்.

இன்ஸ்ப்ரூக் நண்பர் அடுத்த முறை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் கொண்டுபோகட்டும். பாறையில் விடாமல், செடியின் வேரோரம் இருக்கும் பொடிமண்ணில் ஒரு சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்று எழுதட்டும். நுரைத்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு உண்டு. பாதையோரச் செடியிலேயே பார்க்கலாம், படியில் இறங்க வேண்டாம்.