ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியில் இரண்டு போல்ட் குறைந்தால் என்ன?

கேள்வி: எங்கள் பெயின்ட் கம்பெனியில் தின்னர் கலக்கும் இடத்து ஃபிளேம்ப்ரூஃப் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எட்டு போல்ட். இப்போது ஆறுதான் இருக்கிறது. மூடி துளிகூட அசையவில்லை. ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மீதி இரண்டையும் போட்ட பிறகு ஓட்டுங்கள். இந்தப் பெட்டிக்குள் தின்னர் ஆவி நுழையாது என்று பலர் நினைக்கிறார்கள். நுழையும், உள்ளே பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பைப் பெட்டி தாங்க வேண்டும். வெளியேறும் நெருப்பு மூடியின் விளிம்பிலுள்ள மெல்லிய இடுக்கு வழியே வரும்போதே குளிர்ந்து அணைய வேண்டும். போல்ட் குறைந்தால் வெடிக்கும் நொடியில் அந்த இடுக்கு விரிந்துவிடும். கையால் அசைத்துப் பார்த்தால் இது தெரியாது.

அப்புறம், கைக்குக் கிடைத்த போல்ட்டை மாட்டாதீர்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவும் தரமும் வேண்டும். மழைநீர் இறங்குகிறதென்று இடுக்கில் சிலிகான் பூசுவதும் கூடாது. கேபிள் இல்லாத துளையில் துணியைத் திணித்து வைத்திருப்பதை ஆய்வுக்குப் போன இடங்களில் பார்த்து மனம் பதறியிருக்கிறேன். அதற்கென்று சான்று பெற்ற அடைப்பான் உண்டு, அதைப் போடுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் சிலிண்டர் அறைக்கு 'ஐஐபி டி4' விளக்கு இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்பவை கருவி எந்த வாயுப் பிரிவுக்கு ஏற்றது என்று காட்டும் குறிகள். புரொப்பேன் ஐஐஏ, எத்திலீன் ஐஐபி, ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் ஐஐசி. எத்திலீன் நெருப்பைத் தடுக்கும் இடுக்கு ஹைட்ரஜனைத் தடுக்காது. ஹைட்ரஜன் நெருப்பு அதைவிட மெல்லிய இடுக்கிலும் புகுந்து வந்துவிடும். டி4 என்றால் மேற்பரப்பு வெப்பம் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதில் சிக்கல் இல்லை, வாயுப் பிரிவில்தான் சிக்கல்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வரும் பம்ப் மோட்டாருக்கு அட்டெக்ஸ் சான்று இருக்கிறது. பெட்ரோலியக் கிடங்கில் நேரே பொருத்தலாமா?

பதில்: அட்டெக்ஸ் ஐரோப்பியச் சந்தைக்கான விதி. இங்கே 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாவு மில்லுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: உண்டு. காற்றில் பறக்கும் மாவுத் தூசி வெடிக்கும். வெடிக்கும் கலவை எவ்வளவு அடிக்கடி இருக்கும் என்பதை வைத்து இடங்களை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். வாயுவுக்கு மண்டலம் 0, 1, 2 என்றால் தூசிக்கு 20, 21, 22. வாயுவுக்கு மட்டும் சான்று பெற்ற பெட்டி இங்கே உதவாது. தூசிக்கான குறியீடும் இருக்க வேண்டும். மோட்டார் மேல் படியும் மாவையும் அடிக்கடி துடைத்தெடுங்கள். அந்தப் படிவு போர்வைபோல் மூடி மோட்டாரைச் சூடேற்றும்.