ஜூல்ஸ் வெர்னை மொழிபெயர்க்க யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பேரப்பிள்ளைகளுக்காக மூன்று நாவல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் பேத்திக்கு ஃபிராங்க் பாமின் 'ஓஸ் மந்திரவாதி', பன்னிரண்டு வயதுப் பேரனுக்கு ஜூல்ஸ் வெர்னின் 'பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்', பதினாறு வயதுப் பேரனுக்கு ஜேன் கிரே 1912-இல் எழுதிய கௌபாய் நாவல். அச்சிடலாம் என்று விசாரித்தால், ஒரு பதிப்புச் சேவை நிறுவனம் 'சர்வதேச அனுமதி', 'காப்புரிமைப் பதிவு', ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், 'வயதுச் சான்று' எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.48,000 கேட்கிறது. கட்டாவிட்டால் வெளிநாட்டு வாரிசுகள் வழக்குப் போடுவார்களா? மொழிபெயர்ப்பின் முதல் சில அத்தியாயங்களையும் ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, பணத்தைக் கட்டாதீர்கள். வாரிசுகள் யாரும் வரமாட்டார்கள்.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்ததும், அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். அதன்பிறகு நூல் பொதுச்சொத்து, யாரும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். வெர்ன் இறந்தது 1905, பாம் 1919, ஜேன் கிரே 1939. மூவரின் கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனை மொழிபெயர்த்திருந்தால் கதையே வேறு. அவர் இறந்தது 1973 என்பதால் 2033 முடியும்வரை நாம் கைவைக்க முடியாது. ஜேன் கிரே இறந்த பிறகு வெளிவந்த நாவல்கள் ஏராளம், அவற்றுக்குக் கணக்கு வேறு. உங்களுடையது அவர் உயிரோடு இருந்தபோதே வந்த நாவல், கவலை வேண்டாம். (அவர் பல் மருத்துவராக இருந்தவர். பேரனிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டான்.)

இனி அந்த விலைப்பட்டியல். 'சர்வதேச அனுமதி' என்று ஒன்று கிடையாது. பொதுச்சொத்தான நூலுக்கு யாரிடம் போய் அனுமதி வாங்குவார்களாம்? ஐ.எஸ்.பி.என். எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆவணத்தைப் பதிவேற்றி, திருப்பி அனுப்பி, மறுபடி பதிவேற்றிப் பொறுமையைச் சோதிப்பார்கள் என்பது உண்மைதான். அந்த எரிச்சலைத்தான் இடைத்தரகர்கள் காசாக்குகிறார்கள். வயதுச் சான்று சினிமாவுக்கு உரியது. 7+, 13+, 16+ என்றெல்லாம் தணிக்கை வாரியம் பிரிப்பது படங்களை. புத்தகத்துக்கு அப்படிச் சான்று தரும் அலுவலகம் இந்தியாவில் இல்லை. 'எட்டு வயது முதல்' என்று அட்டையில் போட வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகளை வைத்துச் சோதித்தவர் நீங்கள்.

'காப்புரிமை' என்ற சொல்லையும் கவனியுங்கள். அது கண்டுபிடிப்புகளுக்கானது, நூலுக்கு இருப்பது பதிப்புரிமை. இந்த வித்தியாசமே தெரியாத நிறுவனம் எதைப் பதிவு செய்யப்போகிறது? பதிப்புரிமையைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை. எழுதி முடித்த அன்றே உங்கள் தமிழாக்கத்தின் உரிமை உங்களுடையது. ஆதாரம் வேண்டும் என்றால் ஒரு நூலுக்கு அரசுக் கட்டணம் ரூ.500. ஆட்சேபம் வருகிறதா என்று முப்பது நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் எத்தனை மாதம் காத்திருப்பீர்கள் என்பது உங்கள் ஜாதகம்.

அவர்களுடைய ஒப்பந்தத்தைப் படித்தேன். ரூ.48,000-ஐவிட மோசமானது ஏழாவது பத்தி: 'மொழிபெயர்ப்பின் அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' நிறுவனத்துக்கு. பணமும் கொடுத்து உரிமையையும் கொடுப்பதா? காலமும் இடமும் குறிப்பிடாத ஒப்பந்தம் என்றால் சட்டமே ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்று சுருக்கிவிடும். அது தெரிந்துதான் இவர்கள் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அந்த நிறுவனம் உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நீங்கள் எந்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து மொழிபெயர்த்தீர்கள்?

வெர்ன் எழுதியது பிரெஞ்சில். அவருடைய உரிமை முடிந்தாலும், அவரை ஆங்கிலமாக்கியவருக்குத் தனி உரிமை உண்டு, அவர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆகும்வரை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தமிழாக்கியிருந்தால், நீங்கள் அந்த மொழிபெயர்ப்பாளரின் சொத்தைத் தொட்டிருக்கிறீர்கள். சிறுவர் பதிப்பாகச் சுருக்கி எழுதியவருக்கும் இதே கதைதான். 'மூல ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கிறதே' என்பார்கள். அட்டை உதவாது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் மொழிபெயர்த்தவர், சுருக்கியவர், ஆண்டு எல்லாம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வெர்ன் கதையில் பேராசிரியர் பெயர் 'ஹார்ட்விக்'. பிரெஞ்சு மூலத்தில் அவர் லிடன்புரோக், உடன் போகும் இளைஞன் ஆக்சல். ஹார்ட்விக் என்று பெயர் மாற்றியது லண்டனில் 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. அவ்வளவு பழையது என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் பெயரோடு கதையிலும் நிறையக் கைவைத்திருக்கிறார்கள். பேரனுக்கு வெர்னைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், 1877-இல் வந்த மாலெசன் என்ற பாதிரியாரின் மொழிபெயர்ப்போடு ஒத்துப் பாருங்கள். அவர் 1897-லேயே இறந்துவிட்டார், அதுவும் பொதுச்சொத்துதான்.

எனக்குக் கவலை தருவது ஓஸ். கதாநாயகி டோரதி 'மாணிக்கச் சிவப்புக் காலணி' அணிவதாக எழுதியிருக்கிறீர்கள். பாம் 1900-இல் எழுதியது வெள்ளிக் காலணி. சிவப்பு வந்தது 1939 திரைப்படத்தில், வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆக, உங்கள் கையில் இருப்பது பாமின் நூல் அல்ல, படத்தைப் பார்த்துவிட்டு யாரோ பின்னால் எழுதிய சிறுவர் சுருக்கம். அதை அச்சிட்டால் சுருக்கியவர் கேட்கலாம். முழு மூலத்தை எடுத்து மறுபடி மொழிபெயர்ப்பதுதான் வழி. சலித்துக்கொள்ளாதீர்கள், சின்ன நூல்தான். முதல் பதிப்புக்கு டென்ஸ்லோ வரைந்த படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர் இறந்தது 1915.

உரிமை உள்ள வெளிநாட்டு நூல்களையும் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு உரிமம் பெற்று மொழிபெயர்க்கச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் அதற்குப் பதிப்புரிமை வாரியம் இருந்தது. 2017-இல் அதை ஒரு மேல்முறையீட்டு வாரியத்தோடு சேர்த்தார்கள், 2021-இல் அந்த வாரியத்தையும் கலைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பேத்திக்குக் கதை சொல்ல நீதிமன்றப் படி ஏறச் சொல்லும் ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஜேன் கிரேயை உடனே அச்சுக்குக் கொடுக்கலாம், முழுப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்திருந்தால். ஓஸை நிறுத்தி வையுங்கள். புத்தகம் வந்ததும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். தபால் செலவும் உங்களுடையதுதான்.